கோபக்காரியும் எண்பது லட்சம் முகவரிகளும்

அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். சிறிய உருவம், கொஞ்சம் சூடு பட்டால் போதும், பொரிந்துவிடுவாள் என்று யாரோ வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் ஒருநாள் பொரிந்தாள். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவள் அப்பா அதற்கு நேர்மாறானவர். ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் வேலை செய்து, யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரைப் பார்த்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் இவள். இந்தக் குடும்பம் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து நான் பேசிவிடுகிறேன் என்று எந்த வயதிலோ முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. லிப்ட் வராவிட்டால் கத்துவாள். குடித்த டம்ளரைக் கழுவாமல் போனவனைத் தேடிப் பிடித்துக் கத்துவாள். அறிவிப்புப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு, அதை எழுதியவரிடமும் போய் ஒரு பாட்டம் கத்திவிட்டு வருவாள்.

வேலை, நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். கீழ்த்தளம் முழுக்க அழைப்பறை. வரிசை வரிசையாக மேசைகள், காதில் ஹெட்செட் மாட்டிய ஆட்கள். யாராவது எங்கேயாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், பக்கத்தில் இருப்பவர் போனை எடுத்தால், அது இங்கேதான் வந்து ஒலிக்கும். அழைப்பை எடுத்தவர் முகவரியைத் தட்டுவார். அது எந்தப் பகுதி, அந்தப் பகுதிக்கு எந்த நிலையத்து வண்டி என்று கம்ப்யூட்டர் பார்த்து, ஓட்டுநர் கையிலிருக்கும் கருவிக்கு வழியை அனுப்பிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் நடக்கிற காரியம்.

அந்தக் காரியத்துக்கு அடியில் இருந்த டேட்டாபேஸ் கடுகின் பொறுப்பு. நகரத்தின் ஒவ்வொரு வீடும் கடையும் பள்ளிக்கூடமும் ஒரே டேபிளில், அதாவது ஒரே பெரிய அட்டவணையில், இருந்தன, ஒரு முகவரிக்கு ஒரு வரியாக. மொத்தம் எண்பது லட்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அண்ணனிடம் பெருமையாகச் சொன்னபோது அவன், "எண்பது லட்சம் வரியா? கட்டி முடிக்கறதுக்குள்ள கிழவி ஆயிடுவ" என்றான்.

அண்ணன் அதே மையத்தின் கீழ் ஆம்புலன்ஸ் ஓட்டினான். அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவன் அவன். அவன் வீட்டின் மாடியறையில்தான் இவள் இருந்தாள். அண்ணனும் அண்ணியும் கீழே. அவன் வண்டிக்குப் போகும் வழி தங்கையின் டேபிளிலிருந்துதான் வருகிறது என்பதில் இரண்டு பேருக்குமே ஒரு பெருமிதம் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சாப்பிடும்போது அவன், "இன்னிக்கு உன் டேபிள் என்னை ஒரு சந்துக்குள்ள அனுப்பிடுச்சு, ரிவர்ஸ் எடுத்தே கை போச்சு" என்பான். இவள், "சந்து போட்டவனைக் கேளு" என்பாள்.

அந்த வருஷம் நகர எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் புதுக் குறியீட்டு எண். எந்த முகவரிக்கு எந்த நிலையம் என்பது அந்த எண்ணை வைத்துத்தான் என்பதால், எண்பது லட்சம் வரிகளிலும் அதை மாற்றியாக வேண்டும். மேலாளர் கூட்டம் போட்டார். புது வரைபடத்தைப் பெரிய திரையில் ஆணையர் திறந்து வைக்கப் போகிறார், அதற்குள் முடிய வேண்டும் என்றார்.

கடுகு தன் திட்டத்தைச் சொன்னாள். பழைய எண்ணைத் தொடக் கூடாது. அதற்குப் பக்கத்தில் புது எண்ணுக்கு ஒரு காலியான கட்டம் சேர்க்க வேண்டும். இரண்டாயிரம் இரண்டாயிரம் வரியாக அதை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில் நிறுத்தி, அழைப்புகள் தாமதமாகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் சேரும் புது முகவரிகளுக்கு இரண்டு எண்ணும் விழும்படி செய்ய வேண்டும். எல்லாம் நிரம்பி, சரிபார்த்த பிறகு, ஒவ்வொரு நிலையமாகப் புது எண்ணைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். ஏதாவது தப்பானால் பழைய எண் அங்கேயே இருக்கிறது, உடனே திரும்பிவிடலாம்.

"எத்தனை நாள்?" என்றார் மேலாளர்.

"நிரப்பறதுக்கே எட்டு நாள் ஆகும் சார். அதுக்கப்புறம் திருப்பணும்."

மேலாளர், மையத்தின் கம்ப்யூட்டர் வேலைகளை எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனத்து ஆளைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கி, "ஒரே கமாண்ட்தான் சார். எங்க ஆபீஸ்ல வச்சுப் பாத்தோம், அஞ்சு நிமிஷம்" என்றான்.

"உங்க ஆபீஸ்ல யாரும் அந்த டேபிளைப் பாத்துட்டு ஆம்புலன்ஸ் அனுப்பலையே" என்றாள் கடுகு. "இங்க ஒரு நொடி கூட அது சும்மா இருக்கறதில்ல. மொத்தத்தையும் ஒரே கமாண்ட்ல மாத்தப் போனா, முடியற வரைக்கும் டேபிளை அது பூட்டி வச்சுக்கும். வேற யாரும் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. நடுவுல வேண்டாம்னு நிறுத்தினா இன்னும் மோசம். மாத்தின வரைக்கும் ஒண்ணொண்ணா பழையபடி திருப்பி எழுதிட்டுத்தான் பூட்டைத் திறக்கும். நீங்க பாத்துக்கிட்டு நிக்கணும்."

"பாப்போம்" என்றார் மேலாளர்.

"பாப்போம்னா என்ன சார் அர்த்தம்?"

"பாப்போம்னா பாப்போம்."

அப்போது அவள் கத்திய கத்தல் கீழே அழைப்பறை வரைக்கும் கேட்டதாம். அழைப்பறையில் மூத்தவரான ஓர் அக்கா, பக்கத்து மேசைக்காரரிடம், "மேல லிப்ட் மறுபடியும் நின்னுடுச்சு போல" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாராம். இதை அந்த அக்காவே பின்னால் கடுகிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி. பக்கத்துக் கட்டடத்து அரங்கில், துறை துறையாக. கடுகின் முறை ஒரு காலை நேரத்தில் வந்தது. சிவப்பு உருளையின் கொக்கியை எப்படி இழுப்பது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அழைப்பறை அக்கா.

"ஸ்கிரீன் எல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்குது. முகவரி தட்டினா சுத்திக்கிட்டே இருக்கு. எல்லா மேசையிலயும். நீ என்னமாவது பண்ணியா?"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். மேல் மாடியில் மேலாளர், ஒப்பந்தக்காரன், இன்னும் இரண்டு பேர் ஒரு திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒப்பந்தக்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. கமாண்டைக் கொடுத்திருக்கிறான். ஐந்து நிமிஷம் கடந்தும் முடியவில்லை. பயந்து நிறுத்தியிருக்கிறான். அது திருப்பி எழுத ஆரம்பித்துவிட்டது.

"தொடாதீங்க" என்றாள் கடுகு. "பாதிக்கு மேல திரும்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம். கையை எடுங்க."

"கீழ போன் எகிறிக்கிட்டு இருக்கு, கொஞ்ச நேரம்னா எப்படி? சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு" என்றார் மேலாளர், ஒப்பந்தக்காரனிடம்.

"பண்ணாதீங்க சார். எழுந்து மறுபடி அதே வேலையைத்தான் செய்யும், முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் உள்ள விடாது. இப்ப முகவரி மட்டும்தான் பூட்டியிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணா எல்லாமே போயிடும். பண்ணாதீங்க."

அவள் குரல் உச்சத்தில் இருந்தது. அந்த அறையில் அந்தக் குரல் எல்லோருக்கும் பழக்கம். ஒப்பந்தக்காரன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் தலையசைத்தார். அவன் பொத்தானைத் தட்டினான்.

அதன் பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. கடுகு படிகளில் இறங்கிக் கீழே ஓடினாள். அழைப்பறையில் பலரும் எழுந்து நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே, கையில் கிடைத்த துண்டுப் பிரசுரங்களின் பின்பக்கத்தில் முகவரிகளை எழுதி, தன் சொந்த போனில் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாயால் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அதைப் பார்த்து ஆரம்பித்தார்கள். கடுகும் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எந்தத் தெரு? பக்கத்துல என்ன இருக்கு? சொல்லுங்கம்மா, வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்துகொண்டே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

அரைமணிக்கும் மேலாயிற்று, எல்லாம் திரும்பி வர. வந்தபோது டேபிள் பழையபடியே இருந்தது. ஒரு எண் கூட மாறவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் சீருடையைக் கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி அடுப்படி வாசலில் நின்று, பேசாதே என்று கண்ணால் காட்டினாள்.

"நீ உள்ளதானே இருந்த?" என்றான்.

"இல்லண்ணா. தீயணைக்கிற கிளாஸ்ல இருந்தேன்."

"வண்டியை ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வழி வரல. போன் மட்டும் வருது, எங்கேயோ என்னமோ நடக்குதுன்னு. கடைசியில அந்த அக்கா கூப்பிட்டுச் சொல்லுச்சு. ரெண்டு தெரு தள்ளி. நடந்து போயிருந்தாலே போயிருக்கலாம். ஒரு தையல்காரர். கடைக்குள்ளேயே துணியோட துணியா கிடந்தாரு. அவர் சம்சாரம் என்னைப் பாத்து, மூணு தடவை போன் பண்ணேனேங்கிறாங்க. வேற ஒண்ணும் சொல்லல. மூணு தடவை போன் பண்ணேனே. ஆஸ்பத்திரிக்குப் போற வழி பூரா அதையே சொல்லிக்கிட்டு வந்தாங்க." தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். "போயிட்டாரு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்னு சொன்னேண்ணா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"கத்தியிருப்ப."

"ஆமா, கத்தினேன்."

"அதான். லிப்ட் வரலன்னாலும் அதே கத்தல், டம்ளர் கழுவலன்னாலும் அதே கத்தல், இதுக்கும் அதே கத்தல். அவனுங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மேலாளர் மேல் கோபம், பொத்தானைத் தட்டியவன் மேல் கோபம், அண்ணன் மேல் கோபம். அண்ணன் சொன்னது சரி என்பதில் தன் மேலேயே வந்த கோபம்தான் எல்லாவற்றுக்கும் மேல் நின்றது. மறுநாளிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமானால் அண்ணியிடம் கேட்பான், உப்பு இவள் பக்கத்தில் இருக்கும்.

அந்த வாரமே மையத்தின் இயக்குநர் விசாரணை வைத்தார். மேலாளர் அறிக்கையைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக சேவையில் சிறு தடங்கல் என்று இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடுகின் முன்னால் வைத்தார்கள்.

"எதிர்பாராததா?" என்றாள். "நான் எதிர்பார்த்தேன். எப்படி நடக்கும்னு வரிசையா சொன்னேன், அந்த வரிசையிலயே நடந்திருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அந்த மனுஷன் வண்டி உடனே போயிருந்தா பிழைச்சிருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் மேலாளர்.

"பிழைச்சிருக்க மாட்டார்னு உங்களால சொல்ல முடியுமா?"

இயக்குநர் குறுக்கிட்டார். "கொஞ்சம் குரலைத் தணிச்சுப் பேசுங்கம்மா. உங்க மேல ஏற்கெனவே இந்த விஷயத்துல ரெண்டு மூணு புகார் இருக்கு."

"இருக்கட்டும் சார். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நான் இல்லாத நேரமாப் பாத்து ஏன் இதைச் செஞ்சாங்க?"

மேலாளர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "நீங்க இருந்தா விட மாட்டீங்களே."

அறையில் யாரும் அதை வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் அறிக்கையை மடித்து வைத்தார். நடந்தது நடந்துவிட்டது, எண்களை மாற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அதை இந்தமுறை பாதுகாப்பாக ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செய்துவிடலாமா என்று கேட்டார்.

"ராத்திரியில யாருக்கும் நெஞ்சு வலிக்காதா சார்?"

அவளே தொடர்ந்தாள்.

"எதையும் நிறுத்த வேண்டாம். பட்டப்பகல்ல, எல்லாரும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே செய்யறேன். ரெண்டு நிபந்தனை. மேல் மாடியில உக்கார மாட்டேன், அழைப்பறையில எனக்கு ஒரு மேசை வேணும். நிறுத்துன்னு அங்க இருக்கறவங்க யார் சொன்னாலும் நிறுத்துவேன், ஏன் நிறுத்தினன்னு மேல இருந்து ஒருத்தரும் கேக்கக் கூடாது."

தையல்காரரின் சாவு எங்கே பத்திரிகைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் இருந்த இயக்குநர் ஒப்புக்கொண்டார். திறப்பு விழாவைத் தள்ளி வைக்க மேலாளரும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். முதல் நாள் அவள் அக்காவிடம், "உங்க ஸ்கிரீன் ஒரு மூச்சு தாமதமானாலும் கையைத் தூக்கிடுங்க. வாயால சொல்ல வேண்டாம், நீங்க பேசிக்கிட்டு இருப்பீங்க" என்றாள். முதல் இரண்டாயிரம் வரிகளை அனுப்பினாள். பெருமூச்சு விடக்கூட நேரமில்லை, முடிந்துவிட்டது. அடுத்தது. அக்காவின் கை மேலே போனது. கடுகு சட்டென்று நிறுத்தி, எல்லா எண்களையும் பார்த்து, பூட்டு ஏதாவது நிற்கிறதா என்று தேடி, வியர்த்து, திரும்பினாள். அக்கா ஒரு கையால் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சுளுக்கு" என்றார் அக்கா, ஹெட்செட்டை மூடிக்கொண்டு. "இனிமே இடது கையைத் தூக்கினா சுளுக்கு, வலது கைன்னா நிறுத்து."

பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் கடுகு சிரித்தாள்.

இரண்டாயிரம், நிறுத்தம். இரண்டாயிரம், நிறுத்தம். அழைப்புகள் குறைவாக இருந்தால் சற்று வேகமாக, கூடினால் மெதுவாக. மேல் மாடியில் இருந்த வருஷங்களில் அவளுக்கு டேபிள் என்றால் எண்கள்தான். இங்கே காதுக்குப் பக்கத்தில் அந்த எண்களுக்குக் குரல் இருந்தது. ஒரு பெண் தன் குழந்தை மூச்சு விடவில்லை என்று அலறுவாள். அக்கா அமைதியாக வீட்டு எண்ணைக் கேட்பார். திரையில் அந்த வரி உடனே வந்து நிற்கும். வந்து நிற்க வேண்டும். அதற்கு முந்தைய நொடியில்தான் இவள் அந்த வரியையே மாற்றி எழுதியிருக்கக் கூடும். இதையா ஐந்து நிமிஷ வேலை என்றார்கள் என்று பல்லைக் கடிப்பாள். கோபம் அவளை அவசரப்படுத்தவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். எவ்வளவுக்கெவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவுக்கவ்வளவு நிதானமாகக் கை வேலை செய்தது.

ஒருநாள் நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. அழைப்பறை ஒரே சமயத்தில் அதிர்ந்தது. அக்கா கையைத் தூக்குவதற்கு முன்பே கடுகு நிறுத்திவிட்டாள். அன்று பிற்பகல் முழுக்க ஒரு வரியைக் கூடத் தொடவில்லை. மேலாளர் போன் செய்தார்.

"எத்தனை சதவீதம் ஆச்சு?"

"நின்னுக்கிட்டு இருக்கு."

"ஏன்?"

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னு பேச்சு. பரவாயில்ல, சொல்றேன். பஸ் கவுந்திருக்கு சார். கீழ வந்து பாருங்க."

அவர் வரவில்லை. பத்து படி இறங்கியதாக அவரைப் பற்றி யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

நிரப்பும் வேலை முடிந்தது. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்தாத சில நூறு வரிகளைக் கையால் சரிசெய்தாள். பிறகு நிலையங்களைத் திருப்ப வேண்டும். முதலில் எதை என்று அக்கா கேட்டார்.

"எங்கண்ணன் ஸ்டேஷன்."

"ஏன் அது?"

"தப்பாப் போச்சுன்னா வீட்லயே திட்டு விழும். யாரோ ஒருத்தர் சம்சாரம் கேக்கற மாதிரி வேண்டாம்."

திருப்பினாள். முதல் அழைப்பு அந்தப் பகுதியிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று. வந்தது. வழி போயிற்று. அண்ணனின் வண்டி வரைபடத்தில் நகர்ந்தது, சரியான தெருவில் திரும்பியது, நின்றது. அவனுக்கு எதுவும் தெரியாது. அடுத்தடுத்த நாட்களில் மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. நகரத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு ஓட்டுநர் மட்டும் கருவியில் எண் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம். அவ்வளவுதான் அத்தனை பெரிய வேலைக்குக் கிடைத்த கவனம்.

விழா நடந்தது. ஆணையர் வந்தார். பெரிய திரையில் புது வரைபடம் வண்ண வண்ணமாக மின்னியது. மேலாளர் மைக்கைப் பிடித்துப் பேசினார். தன் குழு, தன் திட்டமிடல். "எண்பது லட்சம் முகவரிகளை, ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்கு எந்த இடையூறும் இல்லாமல் மாற்றி முடித்தோம்" என்றார். கை தட்டினார்கள்.

கடுகு கடைசி வரிசையில் இருந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக ஒதுங்கினார்கள். ஆனால் அவள் கத்தவில்லை. கைதட்டல் அடங்கும் வரை நின்றாள். பிறகு சாதாரணமாகப் பேசும் குரலில் சொன்னாள்.

"செத்துப்போன தையல்காரரையும் சேத்துச் சொல்லுங்க சார்."

ஆணையர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்து, "எந்தத் தையல்காரர்?" என்றார். இயக்குநருக்கு முகம் வெளிறிப் போயிற்று. அதுவரை ஆணையர் காதுக்கு அந்த விஷயம் போகவே இல்லை.

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வண்டிக்காரர்களுக்குள் எதுவும் தங்காது. அவள் உள்ளே நுழையும்போது அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"வா, போகலாம்" என்றான். இத்தனை நாளில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை.

"எங்க?"

"அவங்க வீட்டுக்கு. நீ சபையில சொன்னது சரி. கேக்க வேண்டியவங்க அங்க இல்ல."

தையல் கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே அந்த அம்மா தனியாக இருந்தார். இயந்திரத்தின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். கடுகு உட்காரவில்லை. தான் யார் என்று சொன்னாள். அந்தக் காலையில் என்ன நடந்தது, எதனால் வண்டிக்கு வழி போகவில்லை, யார் செய்தார்கள், யார் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் எளிமையாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தான் கத்திய கத்தலை யாரும் பொருட்படுத்தாததற்குத் தானும் ஒரு காரணம் என்பதையும் சொன்னாள்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"இதை இப்ப வந்து சொல்றீங்க. இத்தனை நாள் நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? பதட்டத்துல முகவரியைத் தப்பாச் சொல்லிட்டேன் போலன்னு. கதவிலக்கத்தை மாத்திச் சொல்லிட்டேனோன்னு. தினம் படுக்கும்போது அந்தப் போனை மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் பேசிப் பாத்தேன். நானே கொன்னுட்டேன்னு நினைச்சேன்."

கடுகால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தாள்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருந்தீங்கம்மா. மூணு தடவையும்."

"போங்க" என்றார் அந்த அம்மா. அவர்கள் படி இறங்கும்போது கூப்பிட்டார். "இப்ப சொன்னதை எங்க வந்து கேட்டாலும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நான் கேப்பேன்" என்றார். கதவை முழுக்க இறக்கினார்.

கேட்டார். புகார் கொடுத்தார். வெளியிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார்கள். கடுகு சொன்னாள், அக்கா சொன்னார், அண்ணனும் சொன்னான். ஒப்பந்த நிறுவனம் போயிற்று. மேலாளர் போகவில்லை, அவரை அதே கட்டடத்தில் இன்னொரு துறைக்கு மாற்றினார்கள், அறை முன்பைவிடப் பெரியதென்று கேள்வி. கடுகுக்கு, பொது நிகழ்ச்சியில் ஒழுங்கை மீறியதாக ஒரு குறிப்பாணை வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது. ஆனால் அறிக்கை மாறியது. ஓடிக்கொண்டிருந்த டேபிளில் ஒரே கட்டளையில் மாற்றம் செய்ததாலும், எச்சரிக்கையை மீறி ரீஸ்டார்ட் செய்ததாலும் சேவை நின்றது என்று எழுதி, ஒரு பிரதியை அந்த அம்மாவுக்கும் அனுப்பினார்கள். பெரிய மாற்றம் எதுவானாலும் அழைப்பறையின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்று விதியும் வந்தது. அந்த ஒப்புதலைக் கொடுக்கும் ஆள் அக்கா. கேட்க வருகிறவர்களை அவர் படாதபாடு படுத்துகிறார் என்று பேச்சு.

கடுகு மேல் மாடிக்குத் திரும்பவே இல்லை. அந்த மேசையிலேயே இருந்துவிட்டாள். கோபம் குறைந்ததா என்றால், இல்லை. பெரிய அறைக்குப் போன மேலாளரை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவர் வணக்கம் சொல்வார். அவள் சொல்ல மாட்டாள்.

அறிக்கை வந்த அன்று சாப்பிடும்போது அண்ணன் அதை வாங்கி இரண்டு முறை படித்தான். மடித்து அண்ணியிடம் கொடுத்தான்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்" என்றான் தங்கையிடம். "சீக்கிரம் எழுப்பி விடு."

"அலாரம் வச்சுக்கோ. நான் என்ன வேலைக்காரியா?" என்றாள் அவள்.

காலையில் அலாரத்துக்கு முன்பே போய்க் கதவைத் தட்டினாள்.